வெறும் வயிறும் ஒரு டம்ளர் டீயும்

அத்தியாயம் 12

போன வாரம் மணிமேகலை மகளின் கையைப் பிடித்துக் கேட்டதையும், இளவேனில் வாய் திறக்காமல் சரியென்று தலையை ஆட்டியதையும் படித்துவிட்டு என் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு வாயில்லையா என்று கேட்டீர்கள். வாயுள்ள பெண்தான். ஓசூரில் உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து, வருகிற பதினைந்தாம் தேதி சேரச் சொல்லிக் கடிதமும் வந்திருக்கிறது.

அந்த வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னவளே அம்மாதான். புகைப்படம் எடுக்க நிலக்கோட்டைக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் திடீரென்று ஓசூர் வேண்டாம், குஜிலியம்பாறை சம்பந்தத்தை முடித்துவிடலாம், வெள்ளிக்கிழமை பூ வைக்க வரச் சொல்லிவிட்டேன் என்றால் எந்த மகளுக்குத்தான் பேச்சு வரும்.

அம்மா ஏன் மாறினாள் என்பது இளவேனிலுக்குத் தெரியாது. அப்பா அழகுராஜாவுக்கும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மணிமேகலை மல்லிகைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் மொட்டுகள் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் வாசனைதான்.

சில மாதங்களாகவே அவளுக்குத் தரை கொஞ்சம் தள்ளி இருந்தது. கால் வைத்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண் வந்து தொட்டது. காதுக்குள் எங்கோ தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல ஒரு சத்தம். யாராவது கூப்பிட்டால் அது வேறொரு மணிமேகலையைக் கூப்பிடுவதாகத் தோன்றியது. பயமாக இல்லை, சுகமாகவே இருந்தது. தூங்கிக்கொண்டே நடப்பவளுக்கு என்ன பயம்.

மொட்டுகள் சிந்திக் கிடக்கும் பச்சரிசி போலத் தெரிந்தன. முந்தானை முடிச்சில் நிஜமாகவே ஒரு பிடி பச்சரிசி இருந்தது. யாரும் பார்க்காதபோது வாயில் போட்டு மென்றுகொள்வாள். தண்ணீர் பாய்ந்த வரப்பின் மண்வாசனை வந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். இதெல்லாம் ரத்தம் குறைந்தவர்களுக்கு வருகிற ஆசைகள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஜோஸ்பின் சொன்னபோது அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு நாளைக்கு முன் எடுத்த பரிசோதனையில் அவள் ரத்தம் ஏழு புள்ளி இரண்டு. பன்னிரண்டு இருக்க வேண்டியது. ஒரு வருடமாக மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முப்பது சிவப்பு மாத்திரைகளைக் கொடுத்து, தினம் ஒன்று, வெறும் வயிற்றில், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

கிழக்கு வெளுத்தபோது மடி நிறைந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பேச்சாயி தூக்குவாளியில் டீ கொண்டுவந்தாள். பூப்பறிக்கிறவர்களின் நாளில் அதுதான் முதல் நல்ல நேரம். மணிமேகலை டம்ளரை வாங்கிக்கொண்டு மாத்திரை அட்டையைப் பிரித்தாள். வெறும் வயிறு என்றால் அந்தப் பக்கத்தில் இட்லி இறங்காத வயிறு என்று பொருள். டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

அட்டையில் மிச்சமிருந்தது இரண்டு. மத்தியானம் வரைக்கும் நிற்கத் தெம்பு வேண்டுமே என்று இரண்டையும் போட்டு, சூடான டீயை ஊற்றிக்கொண்டாள்.

தெம்பு என்றா சொன்னேன்? அவள் கேட்டது தெம்பை அல்ல, இன்னும் சில நாட்களை.

மாத்திரை தொடங்கிய நான்காம் நாள் காலையில், சொல்லக் கூச்சமான ஓரிடத்தில், அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். வெளிக்குப் போனது கன்னங்கரேலென்று இருந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயதில், அவள் அப்பா கண்ணுசாமி இதே போலக் கருப்பாகப் போகிறது தாயி என்று ஒரு காலையில் சொன்னார். முட்டிவலிக்கு வருடக்கணக்காக மாத்திரை விழுங்கிய வயிறு அது. உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்து முடிப்பதற்குள், ஒன்பதாம் நாள், அவர் போய்விட்டார்.

தனக்கும் அதுதான் என்று மணிமேகலை முடிவு கட்டிவிட்டாள். சொன்னால் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இளவேனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவாள். அதற்குப் பதில் அவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அப்பாவுக்குக் கிடைத்தது ஒன்பது நாள், தனக்குப் பதினெட்டு நாள் ஓடிவிட்டது. கூடுதலாக வந்த நாட்களை அந்தச் சிவப்பு மாத்திரைதான் தருகிறது என்று நம்பினாள். அதனால்தான் மயக்கம் கூடிய நாட்களில் இரண்டு. கருப்பும் கூடியது. கூடக்கூடப் பயந்தாள், பயந்து பயந்து இன்னொன்று போட்டாள்.

பாவம், யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க முடியாத விஷயம் என்று நாம் சிலவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அதில் முதல் இடம் இதற்குத்தான்.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளை ஆனந்த்ராஜ் குஜிலியம்பாறையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். மழையை நம்பிய ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தப் பச்சையைப் பார்த்ததும் பெண்ணைப் பார்க்கக்கூட மறந்துபோயிற்று. அவனுடைய அம்மா சிவனம்மாள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போய் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை. தன் வீடு என்று நினைத்துவிட்டால் எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கிற ரகம்.

பூ மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது முறை. மல்லிகை விளைகிற ஊருக்கு வெளியூரிலிருந்து பூ கொண்டுவந்தால் பார்த்தவர்கள் சிரிப்பார்கள் என்று சிவனம்மாள் வெறும் தட்டோடு வந்திருந்தார். காலையில் மணிமேகலை பறித்துத் தொடுத்த சரமே அந்தத் தட்டில் வைக்கப்பட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பூவாகி, இளவேனிலின் தலைக்கு வந்தது.

பூ வைத்த கையோடு சிவனம்மாள் வேலைப் பேச்சை எடுத்தார்.

"ஓசூரெல்லாம் வேண்டாமுங்க சம்பந்தி. ஆவணியில கல்யாணத்த வெச்சுக்கிட்டு, ஆனியில புள்ளையைக் கண் காணாத ஊருக்கு அனுப்பறது நல்லாவா இருக்குது?"

அழகுராஜா மனைவியைப் பார்த்தார். வீட்டில் பெரிய முடிவுகளைப் பார்வையால் அவளிடம் தள்ளிவிடுவது அவர் வழக்கம்.

மணிமேகலை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வயிறு எரிந்தது, குமட்டியது. அறை முழுக்க ஆட்கள் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல மெதுவாக அசைந்தார்கள். வந்துவிட்டது, இதோ இன்றைக்குத்தான், என்று நினைத்தாள். நினைத்தபோது அழுகை வரவில்லை. மகள் தலையில் பூவைப் பார்த்துவிட்டோம் என்ற ஒரு நிம்மதிதான் வந்தது.

"நீங்க சொல்றபடி செஞ்சிருவோம் சம்பந்தி," என்றாள்.

இளவேனில் நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளையை அல்ல, அம்மாவை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மணிமேகலை தாங்கியிருப்பாள். அதில் வெறும் கேள்விதான் இருந்தது.

வேன் திரும்பிப் போனதும் அழகுராஜா அசதியில் கட்டிலில் சாய்ந்தார். இளவேனில் தான் போட்டிருந்த அம்மாவின் தோட்டைக் கழற்றி வைக்கப் பீரோவைத் திறந்தாள். தோட்டுப் பெட்டிக்கு அடியில் மூன்று காலி மாத்திரை அட்டைகள் இருந்தன. எண்ணத் தேவையில்லை, மூன்று அட்டை என்றால் முப்பது. மாத்திரை வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும். அட்டைகளோடு, அவளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தது. அம்மாவின் குண்டுக் கையெழுத்து.

தோடு இளவேனிலுக்கு. பட்டுச்சேலை ரெண்டும் இளவேனிலுக்கு, பச்சைக்கு மட்டும் ஓரம் அடிக்கணும். அப்பாவுக்கு டீயில சீனியக் குறைக்கணும், கேக்க மாட்டாரு, குறைச்சது தெரியாமக் குறைக்கணும். கத்திரிக்கா வைக்க வேணாம், அரிப்பு வரும். மேக்கால வரிசைச் செடிக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி போதும். யாரும் அழுதுக்கிட்டே இருக்க வேணாம்.

இளவேனில் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துவைக்கும் கல்லில் அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது?" என்று தாளை நீட்டினாள்.

மணிமேகலை கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தாள். மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். தாத்தாவைச் சொன்னாள், பதினெட்டு நாளைச் சொன்னாள், காலையில் போட்ட இரண்டு மாத்திரையைச் சொன்னாள். இளவேனில் படித்த படிப்பில் இதற்கு ஏதோ பதில் இருந்தது, ஆனால் அம்மா விஷயத்தில் படிப்பை நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏறும்மா வண்டியில."

"அப்பா?"

"அப்பா தூங்கட்டும்."

சுகாதார நிலையத்தில் மாலை நேரத்துக் கூட்டம் இல்லை. நர்ஸ் ஜோஸ்பின் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவர். பாதி விஷயத்தை இளவேனில் சொன்னதுமே, முகம் மாறாமல், கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தார் மாதிரிப் பளபளவென்று ஒட்டுகிறதா, தாங்க முடியாத நாற்றம் உண்டா, ரத்த வாந்தி எடுத்தாளா, வலி மாத்திரை போடும் பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. கரி மாதிரி, கெட்டியா, அவ்வளவுதான். மாத்திரைக்கு முந்தி எப்படி இருந்தது என்றார். சாதாரணமாகத்தான். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டபோது, மணிமேகலை அந்தப் பத்து நாள், பன்னிரண்டு நாள் கணக்கை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

ஜோஸ்பின் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார். ஏழு புள்ளி நான்கு.

"இருபத்திரண்டு நாள், முப்பது மாத்திரை. ஏறினது இவ்வளவுதானா," என்று டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

ஜோஸ்பின் மணிமேகலை பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "மாத்திரைய எதுல போடுற?"

"வெறும் வயித்துலதான் நர்ஸம்மா. நீங்க சொன்ன மாதிரி. பூப்பறிச்சு முடிச்ச கையோட, டீயில."

"டீயிலயா?"

"ஆமாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணும் சாப்பிட மாட்டேன்."

ஜோஸ்பின் தன் நெற்றியைத் தானே தட்டிக்கொண்டார். பூக்காரப் பெண்களிடம் வெறும் வயிறு என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைச் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றார். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. சேராத இரும்பு வெளியே போகும், போகும்போது கருப்பாகப் போகும். நன்றாகச் சேருகிறவர்களுக்கும் கொஞ்சம் கருப்பாகத்தான் போகும். இரும்பு மாத்திரை போடுகிறவர்களுக்கு அது வழக்கம்.

"ஒங்கப்பாவுக்குப் போனது ரத்தம் தாயி. ஒனக்குப் போனது இரும்பு."

மணிமேகலைக்குச் சட்டென்று புரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் சத்தம் கேட்டது. வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தியது. காதுக்குள் இருந்த மோட்டாருக்கு நடுவிலும் அவை தெளிவாகக் கேட்டன. இந்தச் சத்தங்களையெல்லாம் இனி தினமும் கேட்கப்போகிறோம் என்று தோன்றியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பதினெட்டு நாளாக வராத அழுகை. இளவேனில் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று ஜோஸ்பினுக்கே தெரியவில்லை.

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, டாக்டர் கண்டிப்பாகப் பேசினார். எதற்கும் மலப் பரிசோதனை ஒன்று நாளைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு மாத்திரை போட்டதால்தான் காலையிலிருந்து எரிச்சலும் குமட்டலும். இன்றைக்கு வேறு மாத்திரை வேண்டாம், வாந்தியோ வலியோ கூடினால் உடனே வர வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால்கூட மறுநாள் சேர்த்துப் போடக்கூடாது. இரும்பு அளவு மீறினால் விஷம். பெரியவர்களுக்கே ஆகாது, சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து ஒரு கை தின்றால் உயிருக்கே ஆபத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

"அப்ப டீயே குடிக்கக்கூடாதாங்க?" என்று மணிமேகலை கேட்டாள். உயிர் திரும்பிய மனுஷிக்கு முதலில் வந்த கவலை அது.

தான் டீயில் கை வைக்கவில்லை என்றார் ஜோஸ்பின். மாத்திரையின் நேரத்தைத்தான் மாற்றச் சொன்னார். காலை இட்லி செரித்த பிறகு, பதினோரு மணி வாக்கில், எலுமிச்சம்பழச் சாறு பிழிந்த தண்ணீரோடு. அதற்கு முன்னே ஒரு மணி நேரம், பின்னே இரண்டு மணி நேரம் டீ, காபி, பால் எதுவும் ஆகாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதை ராத்திரிக்குத் தள்ளிவிட வேண்டும். வயிறு தாங்கவில்லை என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், நிறுத்தக்கூடாது. ரத்தம் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகும் மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். இளவேனில் எல்லாவற்றையும் அம்மா எழுதிய அந்தத் தாளின் மறுபக்கத்திலேயே எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது டாக்டர் ஒரு சீட்டை நீட்டினார். மாத்திரை ரத்தத்தை ஏற்றும், ஆனால் ஒரு வருடமாக அது எதனால் இப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டாமா? அடுத்த புதன்கிழமை திண்டுக்கல்லில் ஸ்கேன். கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பயப்படாமல் வர வேண்டும். பயப்படாமல் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

திரும்பும் வழியில் வெயில் சாய்ந்து, தூரத்துச் சிறுமலை நீலமாகக் கிடந்தது. மணிமேகலை வண்டியின் பின்னால் உட்கார்ந்து மகள் தலையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காலையில் மொட்டாக இருந்தவை இப்போது விரிய ஆரம்பித்திருந்தன. சாகப் போகிறோம் என்று நினைத்திருந்தவரைக்கும் அந்தப் பூ சரியாக இருந்தது. இப்போது அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று உறைத்தது. தன் பயத்தை எடுத்து மகள் தலையில் வைத்துவிட்டோமே.

"வண்டிய நிறுத்துத்தா," என்றாள்.

தோட்டத்து வரப்போரம் இளவேனில் நிறுத்தினாள்.

"சாகப் போறேன்னு நெனச்சுத்தான் ஒன்னையக் கேட்டேன். நீ ஏன் சரின்ன?"

இளவேனில் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல், திரும்பாமல் பேசினாள். "நீ என்னையக் கெஞ்சிக் கேட்டதே இல்லம்மா. திட்டுவ, அடிப்ப. அன்னைக்குக் கையப் பிடிச்சுக் கெஞ்சுன. ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுச்சு. என்னன்னு தெரியல."

"இப்பக் கேட்டா?"

இளவேனில் ஒரு கையை எடுத்துத் தலையிலிருந்த சரத்தைத் தொட்டாள். பிறகு, "அந்தப் பையன் நல்லவனாத்தான்மா தெரியுறான்," என்றாள். "ஆனா நான் ஓசூருக்குப் போகணும்."

அவ்வளவுதான் சொன்னாள். வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டு வாசலில் அழகுராஜா காத்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கக்கூட நேரமில்லாத சந்தோஷம். சம்பந்தி வீட்டிலிருந்து இப்போதுதான் பேசினார்களாம். ஆவணி பன்னிரண்டு நல்ல முகூர்த்தமாம், மண்டபத்துக்கு நாளைக்கே சொல்லிவிடுவார்களாம், ஓசூர்க்காரர்களுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிடச் சொன்னார்களாம். சொல்லிக்கொண்டே உள்ளே போய், மனைவிக்காகத் தானே போட்ட டீயை ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் டீ போட்டது மூன்றோ நான்கோ தடவைதான்.

மணிமேகலை டம்ளரை வாங்கினாள். சீனி தூக்கலாக இருக்கும் என்று வாசனையிலேயே தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், மகள் தலையிலிருந்த பூவைப் பார்த்தாள். பிறகு டம்ளரைப் படியில் வைத்தாள்.

"டீ அங்கிட்டுக் கெடக்கட்டும். அந்த ஃபோன இங்கிட்டுக் குடுங்க."

"யாருக்கு மேகல?"

"சம்பந்தி வீட்டுக்குத்தான். ஓசூருக்கு ஒண்ணும் எழுதிப் போட வேணாம்." ஃபோனை வாங்கி, எண்ணைத் தேடி அழுத்தினாள். இளவேனில் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தரை கால்களுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தது, ஏழு புள்ளி நான்கு ஒரே மாலையில் பன்னிரண்டு ஆகிவிடுமா என்ன. ஆனாலும் மணிமேகலை எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள்.

நான்காவது மணியில் குஜிலியம்பாறையில் எடுத்தார்கள்.

"சொல்லுங்க சம்பந்தி," என்றார் சிவனம்மாள்.